சட்டிக்குள் ஆறு ஜோடி

"அவசரத்துல ஒளிச்சு வச்ச சட்டின்னா எழுதுறீக மேடம்?"

சண்முகத்தாய் கேட்டதும் எழில் பேனாவை நிறுத்தினாள். ஆனைக்குட்டம் அணைக்குப் பக்கத்து மேட்டில் மூன்று வாரமாக அகழாய்வு நடக்கிறது. அதற்குப் பொறுப்பான அதிகாரி எழில். சண்முகத்தாய் மண் சுமக்க வந்தவள். பதினெட்டு வருடம் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவள், தீபாவளி முடிந்து ஆர்டர் இல்லாததால் இங்கே வந்திருந்தாள். இத்தனை நாள் வாயே திறக்காதவள், இன்றைக்குப் பார்த்து அறிக்கைக்குள் மூக்கை நுழைக்கிறாள்.

"ஆமாக்கா. ஏன் கேக்கிறீங்க?"

"அது தப்பு மேடம்."

எழிலுக்குச் சுருக்கென்றது. காலையில்தான் அந்தச் சட்டி கிடைத்தது. தீயில் கறுத்த சுவருக்கு வெளியே, வாசலோரம், கழுத்து வரை மண்ணில் பதித்திருந்தது. உள்ளே ஆறு ஜோடி சங்கு வளையல்கள். எதிரிகள் ஊரை எரித்திருக்கிறார்கள், பெண்கள் நகையை ஒளித்துவிட்டு ஓடியிருக்கிறார்கள் என்று எழில் அப்போதே முடிவு செய்துவிட்டாள். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய சண்டை என்றால் பத்திரிகைக்காரர்களும் விரும்பிப் போடுவார்கள். சாயங்காலத்துக்குள் அறிக்கை சென்னைக்கு ஃபேக்ஸில் போக வேண்டும்.

"எப்படித் தப்புன்னு சொல்றீங்க?"

"ஒளிச்சு வைக்கிறவ வாசல்லயா வைப்பா? அதுவும் சட்டி வாய் வெளியே தெரியுற மாதிரி? ரெண்டு வளையல் விளிம்பு உடைஞ்சு வேற இருக்கு. உசுருக்குப் பயந்து ஓடுறவ உடைஞ்சதையுமா பத்திரப்படுத்துவா?"

எழில் குனிந்து பார்த்தாள். உடைந்துதான் இருந்தது. காலையில் இருந்த சந்தோஷத்தில் அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"சரிக்கா, இந்தக் கீறலைப் பாருங்க. ஒரு ஜோடியில ஒத்தைக் கோடு, இன்னொண்ணுல ரெண்டு கோடு, இதுல கூட்டல் குறி. இது வியாபாரி போட்ட அடையாளம்."

"வியாபாரின்னா நாலு பேரு பாக்க வெளிப்பக்கம்ல போடுவான். இது உள்பக்கம் இருக்கு. சாயங்காலம் அவுகவுக வளையலை அவுகவுக எடுத்துக்கிறதுக்குப் போட்ட கோடு மேடம்."

சண்முகத்தாய் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள்.

"பட்டாசு மருந்து ரூமுக்குள்ள நாங்க வளையல், கொலுசு, கொண்டை ஊசி எதுவும் போட்டுக்கிட்டுப் போகக் கூடாது. உரசித் தீப்பொறி வந்துச்சுன்னா அம்புட்டுத்தான். வாசல்லயே கழட்டி வச்சிட்டுப் போவோம். எல்லாருது ஒரே மாதிரி கவரிங் வளையல். மாறிப் போயிரக் கூடாதுன்னு உள்பக்கம் நகப்பாலிஷ்ல புள்ளி வைப்போம். என்னோடதுல மூணு புள்ளி."

எழில் சுவரைத் தாண்டிப் பார்த்தாள். அந்தப் பக்கம் இருந்தது இரும்பு உருக்கிய உலை. அது கிடைத்தது போன வாரம். உலையை ஒரு பக்கத்திலும் சட்டியை வேறொரு பக்கத்திலும் எழுதி வைத்திருந்தாளே தவிர, இரண்டையும் சேர்த்து யோசிக்கவே இல்லை. தன் மேலேயே அவளுக்கு எரிச்சலாக வந்தது.

"உலைச் சூட்டுல வளையலோட நிக்க முடியாதுதான். ஆனா இரும்பு உலையில பொம்பளைங்க வேலை பார்த்தாங்கன்னு நான் எழுதினா, மேல இருக்கிறவங்க சிரிப்பாங்கக்கா. இவங்க சும்மா ஊருக்குள்ள இருந்தவங்கன்னு விட்டுட்டா ஒரு பிரச்சினையும் இல்லை."

"அதை மட்டும் செஞ்சிராதீக மேடம்." சண்முகத்தாயின் குரல் உடைந்தது. "வேலை பார்த்தவுகளைப் பார்க்கலைன்னு எழுதிராதீக. செத்தவுக திரும்ப வந்து சாட்சி சொல்ல மாட்டாக."

அவள் கண் கலங்கியதைப் பார்த்து எழில் திகைத்தாள். என்றைக்கோ மண்ணாகிப் போனவர்களுக்காக யாராவது அழுவார்களா?

"அப்படின்னா சாயங்காலம் வந்து எடுத்திருக்கணுமேக்கா. ஏன் எடுக்கலை?"

"சுவரு எப்படிக் கருகிக் கெடக்குன்னு பாக்கிறீகள்ல. வெளியே வந்திருந்தா எடுத்திருப்பாக."

எழில் கருகிய சுவரையும் சட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எழுதியதைக் கிழித்துவிட்டுப் புதுத் தாளில் எழுதி, வாசித்துக் காட்டினாள்.

"உலை வேலைக்குப் போகும் முன் ஆறு பெண்கள் கழற்றி வைத்த வளையல்கள் இவை. தீ விபத்தில் அவர்கள் இறந்திருக்கலாம்."

"யாரும் மறுத்துப் பேசினா மேடம்?"

"பேசட்டும். உள்ளே வேலை பார்த்தாங்கங்கிறதுக்கு இந்த ஆறு ஜோடியும் சாட்சி."

"வெறும் வளையலு, சாட்சிக்குச் செல்லுமா?"

"செல்லும்க்கா. புதைஞ்ச இடத்துலயே வச்சுப் பாத்து, படம் எடுத்து, நாலு பேரு முன்னால வெளியே எடுத்தா எவனும் இல்லைன்னு சொல்ல முடியாது."

சண்முகத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, மண்வெட்டியைக் கையில் எடுத்தாள்.

"அப்ப எங்க கம்பெனிக்குப் பின்னாலயும் ஒரு இடம் தோண்டணும் மேடம். மூணு வருசத்துக்கு முன்னால ஷெட்டு வெடிச்சு எங்காளுக நாலு பேரு செத்தப்ப, அவுக இங்கன வேலை பாக்கலை, விறகு பொறுக்க வந்தவுகன்னு கம்பெனிக்காரவுக எழுதிட்டாக. வாசல்ல அவுக கழட்டி வச்சிருந்த வளையல் டப்பாவை, போர்மேன் மிரட்டினாருன்னு பயந்துபோயி, அங்கன புதைச்சது நான்தான்."