துண்டுக்கு அடியில்

ஆட்டுச் சந்தையை ஒட்டிய மாடி அறையில் வெயில் சரிந்து கிடக்க, ரெனி மடிக்கணினிமேல் குனிந்திருக்கிறாள். சந்தையின் இணையதளத்தைக் காலையில் அவள் முழுக்க, நடுவில் யாரும் எட்டிப் பார்க்க முடியாதபடி பூட்டுப் போட்ட https இணைப்புக்கு மாற்றியதிலிருந்து, தரகர் மூக்காண்டியின் பழைய போனில் அது திறக்கவில்லை. "விலையப் பாக்கதுக்குமா பூட்டு?" என்று வந்து நிற்கிறார். விலைப் பக்கத்துக்கு மட்டும் பூட்டில்லாத இணைப்பையும் சர்வர் ஏற்கும்படி அவள் மாற்றியதும், அவர் போனில் அன்றைய விலை வந்துவிடுகிறது. "பேரம் பேசுத பக்கத்தையும் இப்படியே தொறந்து வச்சிரட்டுமா அண்ணாச்சி?" என்கிறாள். பதில் சொல்லுமுன் கீழே சந்தையிலிருந்து ஒரு வியாபாரி கூப்பிட, அவர் இறங்கிப் போகிறார். ஆடுகளின் கத்தலுக்கு நடுவே தரகரும் வியாபாரியும் கையைக் கோத்துக்கொள்கிறார்கள். அதன்மேல் துண்டு விழுகிறது. உள்ளே, சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியாமல், விரல்கள் விலை பேசுகின்றன. ஜன்னலில் நிற்கும் ரெனிக்குத் துண்டின் நெளிவு மட்டும் தெரிகிறது. பேரம் பேசும் பக்கத்தைப் பூட்டியபடியே விட்டுவிடுகிறாள்.