பாசி விட்டுக்கொடுத்த மூலை

மொட்டைமாடியில் ஒரு சட்டி. அதற்குள் ஒரு சாண் உயரத்தில் ஓர் ஆலமரம், அதன் காலடியில் பச்சைப்பசேலென்று பாசி. அதைப் புதிதாக வாங்கிவந்த பூரணி தினமும் பாசி நனையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஸ்பிரே அடிப்பாள். பாசி பச்சையாக இருந்தால் மரமும் சௌக்கியம் என்று நினைத்துக்கொள்வாள்.

ஒருநாள் மரம் மெல்லச் சொன்னது, "பாசி, நீ குடிச்சதுபோக எனக்கு ஒரு சொட்டும் இறங்கலை. வேரெல்லாம் காயுது."

"ஐயோ அண்ணே, என் பச்சையைப் பார்த்துத்தான் அவ ஏமாந்துபோறா" என்றது பாசி.

கூடு கட்டப் பாசி பிய்க்க வழக்கம்போல மைனா வந்தது. பாசி எப்போதும் மண்ணை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அன்றைக்கு, "இந்த மூலையை எடுத்துக்கோ, மைனாக்கா" என்றது.

"என்னடி, திடீர்னு தர்மப்பிரபு ஆயிட்ட?" என்று கேட்டபடியே மைனா பிய்த்துக்கொண்டு பறந்தது.

காலையில் வந்த பூரணி, பாசி போன இடத்தில் மண் வெடித்திருப்பதைப் பார்த்தாள். விரலை விட்டாள். உள்ளே தூசியாக இருந்தது. பதறிப்போய், சட்டியின் அடித்துளை வழியே ஒழுகும்வரை தண்ணீர் ஊற்றினாள்.

"உன்னையே பிச்சுக் கொடுத்துட்டியே, பாசி. உனக்கு நான் என்ன செய்யப்போறேன்?" என்றது மரம்.

"முதல்ல குடிங்கண்ணே. பேச்செல்லாம் அப்புறம்."

சில நாளில் மரம் ஒரு புது இலை விட்டது. பிய்ந்த மூலைக்கு நேர் மேலே விட்டது.

"அண்ணே, இன்னைக்கு வெயிலே உறைக்கலையே" என்றது பாசி.

மரம் அந்த இலையை அசைக்காமல் பிடித்துக்கொண்டு நின்றது.