சாம்பக்குளத்தில் நின்ற எக்ஸ்பிரஸ்

"வண்டி நிக்கி அண்ணாச்சி! நம்ம சாம்பக்குளத்துல மெட்ராஸ் எக்ஸ்பிரஸ் ஏக்தம் நிக்கி!"

தாராவியில் தோல்பெட்டி தைக்கும் தன் பட்டறை வாசலில் நின்று பம்பாய் இந்தி கலந்து இப்படிக் கூவியபடியே ஜஹாங்கீர் மாலையைப் போட்டான். எம்.பி. குத்தாலலிங்கத்துக்கு மாலையைவிடச் செய்திதான் கனமாக இருந்தது.

ஏனென்றால், அவர் வசவு வாங்கத் தயாராகத்தான் வந்திருந்தார். "சாம்பக்குளத்தில் எக்ஸ்பிரஸை நிறுத்தாமல் ஓயமாட்டேன்" என்று அறுபத்திரண்டாம் வருஷத் தேர்தலில் சொல்லி ஓட்டு வாங்கியவர், டெல்லிக்குப் போன கையோடு ஓய்ந்துவிட்டார். சபையில் இதுவரை அவர் வாயைத் திறந்தது கொட்டாவி விட மட்டுமே. அதையும் சபாநாயகர் பார்க்காத நேரமாகப் பார்த்துத்தான் விடுவார். ஊர்க்காரர்களோ அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, எட்டு மைல் மாட்டு வண்டியில் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். இதோ, அடுத்த தேர்தல் வருகிறது. சாம்பக்குளத்து ஆண்களில் பாதிப் பேர் தாராவியில். இவர்கள் எழுதிப் போட்டால்தான் அங்கே ஓட்டு விழும்.

அடுக்கி வைத்த பெட்டிகளின்மேல் அவரை உட்கார வைத்தார்கள். நன்னாரி சர்பத் வந்தது.

"எப்பருந்து நிக்கி?" என்று மெதுவாக விட்டுப் பார்த்தார்.

"ஆறு மாசமா அண்ணாச்சி. நம்மாளு யாரு ஊருக்குப் போனாலும் டாண்ணு நிக்கி."

"நானே போயி எறங்கிட்டு வந்தேன்லா!" என்றாள் ஜஹாங்கீரின் மனைவி சபுரா, வலது தோள்பட்டையில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டே.

"கையில என்னம்மா?"

"அது ஒண்ணுமில்ல அண்ணாச்சி, வண்டியில வந்த நோவு."

ஜஹாங்கீர் மூலையைக் காட்டினான். கோட்டு, குடை, மூக்குக் கண்ணாடியுடன் ஒருவர் சர்பத்தைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். "இவுக மாட்டுங்காவுல இருக்க கிட்டு சார். வண்டிய நிறுத்துனது யாருன்னு ஒங்க வாயாலயே கேக்கணும்னு வந்திருக்காவ."

கோட்டும் குடையும் இருந்தால் பத்திரிகைக்காரர்தான் என்று குத்தாலலிங்கம் தாமாகவே முடிவு செய்துகொண்டார். மேல்துண்டைச் சரிசெய்தார். நாலரை வருஷமாகத் தூங்கிய நாக்கு விழித்துக்கொண்டது.

"தானா நிக்க அது என்ன கழுதையா? எல்லாம் நம்ம வேலைதான். மந்திரி 'முடியாது'ன்னாரு. நான் எந்திரிச்சேன். மேசையில ஒரு தட்டு!" பக்கத்துப் பெட்டியில் தட்டிக் காட்டினார், மூடி வாயைப் பிளந்துகொண்டது. "சபாநாயகர் கண்ணாடி எகிறிப் போயி மந்திரி மூக்குல ஒக்காந்துட்டு. அதுக்குப் பொறவுதான் மந்திரிக்கு மேப்புல நம்ம ஊரே தெரிஞ்சுது!"

"ஷாபாஷ்!" என்றது பட்டறை.

கிட்டு தொண்டையைச் செருமினார். "மன்னிக்கணும் சார். வண்டி ஸ்டேஷன்ல நிக்கறதில்லையே. பாலம் தாண்டி, ஓடைக்கரை முள்ளுக்காட்டுல இல்லையோ நிக்கறது? அதுவும் உங்க ஏற்பாடுதானா?"

குத்தாலலிங்கம் ஒரு வாய் சர்பத் குடிக்கும் நேரம் மட்டும் யோசித்தார்.

"பின்ன? ஸ்டேஷன்ல எறங்குனா ஊருக்கு ஒரு மைலு நடக்கணும். பொம்பளைக பெட்டியத் தூக்கிட்டு நடக்கவா? 'ஓடைக்கரையில நிறுத்தும்வே'ன்னேன்."

பெண்கள் பக்கம் கைதட்டல்.

"சில நாள் மேலத்தெருக்கிட்ட நிக்கறது. சில நாள் கீழத்தெருக்கிட்ட."

"நமக்கு எல்லாத் தெருவும் ஒண்ணுதான் சார். பாரபட்சமே கெடயாது!"

"ஆக, அந்த வண்டி அங்கே நிக்கறதுக்கு முழுக் காரணமும் நீங்கதான். வேற யாருக்கும் இதுல பங்கில்லை. அப்படித்தானே?"

பங்கு கேட்கக் கட்சியிலேயே நாலு பேர் இருந்தார்கள். அவர்களை நினைத்ததும் குத்தாலலிங்கத்துக்குக் குரல் உயர்ந்தது.

"எவனுக்கும் பங்கில்ல! நிறுத்துனது இந்தக் கைதான்!"

வலது கையை உயர்த்தினார். ஜிந்தாபாத் கோஷத்தில் பட்டறைத் தகரம் அதிர்ந்தது.

"எல்லாரும் கேட்டேளா?" என்றார் கிட்டு.

"கேட்டோம்!" என்றது கூட்டம், பள்ளிக்கூடம் மாதிரி ஒரே குரலில்.

"எந்தப் பேப்பர்ல சார் வரும்?" என்று குத்தாலலிங்கம் ஆசையாகக் கேட்டார்.

"எல்லாப் பேப்பர்லயும் வரும் சார். நான் ரயில்வேலேர்ந்து வரேன். ஆறு மாசமா யாரோ அபாயச் சங்கிலியப் பிடிச்சு இழுத்து அந்த வண்டிய நிறுத்திண்டிருக்கா. கேட்டா, இந்த ஊர்க்காரா அத்தனை பேரும் 'எங்க எம்.பி.யைக் கேளுங்கோ'ங்கறா. நீங்களே ஒத்துண்டுட்டேள். ரொம்ப உபகாரம்."

கும்பிடு போட்டுவிட்டு, வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளில் தன்னுடையதைத் தேடப் போனார் கிட்டு.

குத்தாலலிங்கத்தின் கழுத்தில் மாலை இறுகியது. "ஏல ஜஹாங்கீர், என்னல இது! நான் அங்க ஒரு நாளும் எந்திரிச்சுப் பேசுனதே இல்லியேல!"

"அது எங்களுக்கு மாலூம் அண்ணாச்சி, நல்லாவே தெரியும்," என்றான் ஜஹாங்கீர், குரலைத் தாழ்த்தி. "இனிமே பேசித்தான ஆவணும்? நிறுத்தத்த வாங்கிட்டு வந்துருங்க. பொறவு சங்கிலிக்கும் வேலையில்ல, கேட்டோம்னு சாட்சி சொல்ல நாங்களும் இல்ல, கேஸும் இல்ல. ஓட்டு மொத்தமும் ஒங்களுக்குத்தான்."

சபுரா தைலப் புட்டியை மூடி அவர் கையில் வைத்தாள். "மேசையத் தட்டுனா கை நோவும் அண்ணாச்சி, இத வச்சுக்கிடுங்க. சங்கிலி இழுத்த கைக்கே நல்லாக் கேட்டுச்சு."