ஆடும் அலமாரிகள்

பெரிய கடைக்குள் நுழைந்தாலே பிலோமினாவுக்கு நெஞ்சு படபடக்கும். இருபுறமும் அலமாரிகள் மெல்ல நகர்வதுபோல இருக்கும். உள்ளங்கை வியர்க்க, எடுத்த சாமான்களை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்துவிடுவாள். இதயத்தில் கோளாறில்லை என்றார்கள் மருத்துவர்கள். மனப்பதற்றம் என்று மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை தூக்கத்தைத் தந்ததே தவிர அலமாரிகள் நிற்கவில்லை. "எல்லாம் உன் நெனப்புதான்" என்பான் கணவன் ஜெரால்டு. கேட்டுக் கேட்டு அவளே அதை நம்பத் தொடங்கியிருந்தாள்.

தலைவலி என்று போன இடத்தில்தான் கண் மருத்துவர் அவளுடைய கண்களை ஓர் அட்டையால் மாற்றி மாற்றி மூடிப் பார்த்தார்.

"ஒரு கண்ணு கொஞ்சம் மேல பாக்குதும்மா. ரெண்டு கண்ணையும் ஒண்ணா இழுத்துப் பிடிக்கத்தான் உங்களுக்கு இவ்வளவு பாடு. கடையில எல்லாம் ஆடுற மாதிரி தெரியறதும் அதனாலதான்" என்றவர், அதைச் சரிக்கட்டும் கண்ணாடி ஒன்றை எழுதிக் கொடுத்தார்.

அதை மாட்டிக்கொண்டு ஜெரால்டுடன் கடைக்குள் நடந்தாள். சோப்புகள் வைத்த இடத்திலேயே இருந்தன. நெஞ்சு அதன்பாட்டில் இருந்தது. சந்தோஷம் வரவில்லை. இத்தனை வருடங்களை நினைத்து எரிச்சல்தான் வந்தது.

"பாத்தியா, பயப்பட ஒண்ணுமில்லன்னு நான் அப்பவே சொன்னேன்ல" என்றான் ஜெரால்டு.

பிலோமினா கண்ணாடியைக் கழற்றி அவன் முகத்தில் மாட்டினாள்.

"நடங்க."

இரண்டடி வைத்தவன் தடுமாறி, பிஸ்கட் அலமாரியைப் பிடித்துக்கொண்டான். "ஏய், இதக் கழட்டு. என்னமோ பண்ணுது."

அவளுக்கும் கடை ஆடத் தொடங்கியிருந்தது.

"இன்னும் கொஞ்சம் நடங்க" என்றாள்.