மூன்றாம் பக்கம் பார்க்க

பினாங்கு சூலியா தெருச் சந்திலிருந்த தமிழர் வாசகசாலைக்கு வார லீவு வெள்ளியா, ஞாயிறா என்று ஆரம்பித்த சண்டை, ஹாலுக்கு நடுவே ஆள் உயரத்துக்குப் பலகை அடிப்பதில் வந்து முடிந்தது. அந்தப் பக்கம் முஸ்லிம்கள், இந்தப் பக்கம் கிறிஸ்து வேதக்காரர்கள்.

"சம்மதமானவங்க கை தூக்குங்க" என்றதும் இருபத்தெட்டுக் கையும் மேலே போயின. வாசகசாலைச் சங்கம் தொடங்கிய நாளிலிருந்து ஒருமனதாக நிறைவேறிய தீர்மானம் அது ஒன்றுதான். ஜனநாயகம் என்றால் சும்மாவா?

தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் துறைமுகக் கிளார்க் வில்லியம். அந்த வாரமே அவருக்கு வினை வந்தது.

மெட்ராஸ் கப்பலில் வரும் பத்திரிகை ஒன்றே ஒன்று. நாலே பக்கம். அதையும் சரிபாதியாகக் கத்தரித்தார்கள். முன் இரண்டு பக்கம் வில்லியம் கட்சிக்கு. பின் இரண்டு பக்கம் சாப்பாட்டுக்கடை மீரா சாகிப் கட்சிக்கு.

ஆறு வாரமாக வில்லியம் விடாமல் படித்துவந்தது பாயச விஷ வழக்கு. ஜமீன்தாருக்கு விஷம் வைத்தது சமையல்காரனா, இளைய சம்சாரமா? அன்றைக்குத்தான் தீர்ப்பு. இரண்டாம் பக்கத்தின் கடைசி வரிக்கு வந்தார்.

'குற்றவாளி யாரெனில்... மூன்றாம் பக்கம் பார்க்க.'

மனுஷனுக்கு அழுகையே வந்துவிட்டது. போய்க் கேட்டால் கட்சித் தலைவர் மானம் கப்பலேறிவிடும். கேட்காவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

மறுநாள் காலை யாரும் வருமுன் கூரான கம்பியோடு வந்து, மண்டிபோட்டுப் பலகையைக் குடைந்தார்.

"அங்க ஆணி இருக்கு அண்ணே," என்றது அந்தப் பக்கத்துக் குரல். "ஒரு சாண் கீழ வாங்க. நான் போட்ட ஓட்டை இருக்கு."

குனிந்தார். ஓட்டையில் மீரா சாகிப்பின் கண்.

"ஓட்டும் போட்டோம், ஓட்டையும் போட்டோம்," என்று சிரித்தார் மீரா சாகிப்.

"அத விடுங்க பாய். யாரு குத்தவாளி?"

"சமையக்காரன். எப்படி மாட்டினான்? அது உங்க பக்கத்துலதான இருக்கு, சொல்லுங்கலா."

"சட்டியில இருந்த மிச்சப் பாயசத்தப் பூனை குடிச்சுச் செத்துருச்சு பாய்."

"அடப்பாவமே, பூனையா."

அரைப் பத்திரிகைகள் சுருண்டு ஓட்டை வழியே இடம் மாறின. பலகைக்கு மேலே ஒரு கோப்பித் தம்ளரும் வந்தது. வில்லியத்துக்கு மனசு நிறைந்துவிட்டது.

அதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். இரு கட்சி ஆட்களும் வந்துகொண்டிருந்தார்கள். வில்லியம் கோப்பியை மடக்கென்று குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"இவங்க சகவாசமே நமக்கு வேணாம். இந்தப் பலகைய இன்னும் ரெண்டு முழம் உசத்தணும்னு தீர்மானம் கொண்டுவர்றேன்" என்றார் கணீரென்று.

பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அதைவிடக் கணீரென்று ஒரு குரல் வந்தது:

"வழிமொழிகிறேன்."