பசை காய்வதற்குள்

ஜெர்சன் தண்ணீர் பாட்டிலைச் சுவரில் கவிழ்த்துவிட்டு, அந்தக் கண்ணீர் அஞ்சலி போஸ்டரை நகத்தால் சுரண்டினான். சர்ச் முடிந்து அப்பா இந்த வழியாகத்தான் வருவார். அவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து ஆறு மாதம்தான் ஆகிறது. இதைப் பார்த்தால் தாங்கமாட்டார்.

"இன்னாப்பா, செத்தவரு போஸ்டரைப் போய்க் கிழிச்சிக்கினு கீற?" பூக்காரம்மா அதட்டினார்.

"தப்பா அடிச்சிட்டாங்கக்கா."

"இன்னா தப்பு? படம் சோக்காத்தானே கீது!"

சோக்காகத்தான் இருந்தது. அக்கா கல்யாண போட்டோவிலிருந்து வெட்டியெடுத்து, ஒரு முடிகூடப் பிசிறாமல் செய்திருந்தார்கள். டிசைனர் என்றால் அவன் ஆபீஸ் டிசைனர்கள்தான்.

போன் அடித்தது. ஆபீஸ் நண்பன் மொஹ்சின்.

"மச்சான், உங்க தெருவுல ஒட்டி போட்டோ அனுப்பினேனே, பார்த்தியா? அடக்கத்துக்குத்தான் உங்க சொந்த ஊர் நாசரேத் வரைக்கும் வர முடியல. டீமே உட்கார்ந்து பண்ணோம்டா. உன் லோகோ வேலையை நாங்க முடிச்சுடறோம், நீ கவலைப்படாதே."

"தேங்க்ஸ்டா." போனை வைத்துவிட்டு இன்னும் வேகமாகச் சுரண்டினான்.

பாதி கிழிப்பதற்குள் பின்னால் யாரோ வந்து நின்றார்கள். பூக்காரம்மா வந்தவரைப் பார்த்தார், போஸ்டரைப் பார்த்தார், மறுபடியும் வந்தவரைப் பார்த்தார். கையிலிருந்த பூப்பந்து நழுவியது.

பைபிளைக் கக்கத்தில் இடுக்கியபடி, 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்பதற்கு மேலே இருந்த தன் பெயரை அப்பா நிதானமாகப் படித்தார்.

"கோவா போக லீவு கிடைச்சிருச்சுன்னியே, இப்படிச் சொல்லித்தானா?"

ஜெர்சன் நகத்தில் ஒட்டிய பசையைச் சட்டையில் துடைத்தான்.

"சொல்லுடா, எனக்கு எத்தனை நாள் கொடுத்தாங்க?"