டயரை ஆட்டியவர்

உத்தனப்பள்ளி காவேரியின் பழைய பெரிய வண்டி, வேகம் அறுபதைத் தொட்டதுமே முன்பக்கம் உதறியது. வீல் பேலன்ஸ் பார்த்தாயிற்று, அலைன்மென்ட்டும் பார்த்தாயிற்று. உதறல் நிற்கவில்லை.

"நாளைக்கு தருமபுரி போயி நெறமாசமா இருக்கற எம் பொண்ணக் கூட்டியாரணும் தம்பி. இதுல எப்படி உக்கார வெக்கறது?" என்றாள். கிளம்பும்போதெல்லாம் டயரைத் தட்டிப் பார்க்கும் புருஷன் சென்னப்பன் இறந்தபிறகு வண்டியை அவள்தான் ஓட்டுகிறாள்.

மெக்கானிக் பென்சன் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, அடியில் போய்ப் படுத்தான்.

"டயர மேலயும் கீழயும் புடிச்சி ஆட்டுங்கக்கா."

டயர் ஆடியது. சக்கரத்தைத் தாங்கும் பால் ஜாயிண்ட் தேய்ந்து டொக்டொக்கென்று அடித்துக்கொண்டது. "போதும்" என்றதும் நின்றது.

அவன் வெளியே வந்தபோது காவேரி ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு டீயோடு வந்துகொண்டிருந்தாள்.

"நீ படுத்தப்பவே நான் கடைக்குப் போயிட்டேன். எதாச்சும் கேட்டியா?"

பென்சன் டயரைத் திரும்பிப் பார்த்தபடி டீயைக் குடித்தான். புது ஜாயிண்ட்டை மாட்டினான். மாட்டியதை ஆட்டிப் பார்க்காமல் அவன் வண்டியை விடுவதில்லை. மறுபடியும் அடியில் படுத்தான். காவேரியின் செருப்புகள் தூரத்தில் புங்கமரத்தடியில் தெரிந்தன. அவளைக் கூப்பிடவில்லை.

"நல்லா அழுத்தி ஆட்டுங்கண்ணா" என்றான் மெதுவாக.

வண்டியே அசைந்தது. ஜாயிண்ட் அசையவில்லை.

"சரியாயிடுச்சிண்ணா. பொண்ண தைரியமா கூட்டியாரலாம்."

உள்ளங்கையால் டயரை இரண்டு தட்டு தட்டும் சத்தம் கேட்டது.